தூற்றிக்கொள்வதா, பதறாமல் இருப்பதா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு பழமொழிகள் ஓயாமல் மோதிக்கொள்ளும். அப்பாவுக்கு ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’. அப்பம்மாவுக்கு ‘பதறாத காரியம் சிதறாது’.

அப்பாவுக்கு வட்டையே, அதாவது வயல்வெளியே, சாட்சி. சிறுபோக நெல் விளைந்து வரும் காலத்தில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். முன்பெல்லாம் களத்தில் சூடடித்து முடிந்ததும் சுளகை உயர்த்திப் பிடித்துப் பொலியை மெல்லச் சரிப்பார்கள். பதர் ஒரு பக்கம் பறக்கும், மணி நேராகக் காலடியில் குவியும். காற்று விழுந்துவிட்டால் சுளகோடு குந்தியிருக்க வேண்டியதுதான். இப்போது வெட்டு மெஷின் வயலிலேயே தூற்றிக் கொடுத்துவிடுகிறது. வேலை போன பழமொழி காணி வாங்கவும் கடன் எடுக்கவும் கூப்பிடப்படுகிறது!

அப்பம்மாவின் பழமொழியில் களமும் இல்லை, காற்றும் இல்லை. பதறாத, சிதறாது என்று ஓர் எதுகை, அவ்வளவுதான். ஆனால் ஒரு போகம், விலை இறங்கிவிடும் என்ற பயத்தில் அப்பா நெல்லைச் சரியாகக் காயவிடாமல் மூட்டை கட்டினார். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது; அந்த வழி அடைபட்டது. வீட்டுக்கு வந்த வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டார், இரண்டு மணியைக் கடித்தார், விலையைக் குறைத்தார்.

“என்ன மனே அவசரம்?” அப்பம்மா அதோடு சரி.

என்னைக் கேட்டால், காற்றை நம்பிய வேலைக்கு அப்பா, வெயிலை நம்பிய வேலைக்கு அப்பம்மா. என் கலியாணப் பேச்சுக்குத்தான் இன்னும் முடிவில்லை. ஆளுக்கொரு பழமொழியோடு திண்ணையில் இருக்கிறார்கள்.