மாதச் சம்பளமா, நாட்சம்பளமா, கொந்தராத்தா? வன்னியில் ஆள் வைத்துத் தொழில் செய்பவருக்கான ஓர் ஒப்பீடு

பரந்தனிலிருந்து வவுனியா வரை ஏ9 வீதியின் இருமருங்கிலும் இருக்கும் ஹாட்வெயார் கடைகள், அரிசி ஆலைகள், உணவகங்கள் முதல், உள்ளே மல்லாவி, புதுக்குடியிருப்பு, நெடுங்கேணிப் பக்கத்துச் சிறு தொழிலகங்கள் வரை ஆள் வைக்கும் முறைகள் பொதுவாக நான்கு. சிலர் மாதச் சம்பளத்துக்கு வைக்கிறார்கள். சிலர் நாட்சம்பளம் கொடுக்கிறார்கள். மூட்டை ஏற்றி இறக்குவதற்குத் துண்டுக் கணக்கு. எஞ்சியவர்கள் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இவற்றுள் எதைத் தெரிவது என்று முதலாளிமார் யோசிக்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் முன்வைக்கிறார்கள்: எந்த முறையில் ஊழியர் சேமலாப நிதி (EPF, ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பு) கட்டத் தேவையில்லை? நான்கு முறைகளையும் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு விடை எந்த முறையிலும் இல்லை என்பது தெரியவரும். முறைகளுக்கிடையே உண்மையான வேறுபாடு வேலை நேரத்தின் ஒழுங்கிலும், ஆட்களின் எண்ணிக்கையிலும், எழுத்தில் இருக்கும் பதிவிலும்தான் இருக்கிறது.

முதலில் எந்தச் சட்டம் யாருக்கு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். நெல் குற்றும் தொழில், கட்டடத் தொழில், செங்கல் ஓடு உற்பத்தி, பேக்கரி, மோட்டார் போக்குவரத்து போன்றவற்றுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், சம்பளத்தை நிர்ணயிக்கும் தனித்தனிச் சபைகள் உண்டு. இதனால் ஓர் அரிசி ஆலையின் ஒரே படலைக்குள் கணக்கெழுதும் பிள்ளைக்கு ஒரு சட்டமும், இயந்திரத்தடியில் நிற்பவருக்கு வேறொரு சட்டமும் நடைமுறையில் இருக்கும். இந்தப் பிரிவு ஏட்டளவிலானதல்ல. மேலதிக நேரத்துக்கான மணித்தியாலக் கணக்கே மாறுகிறது. கடைச் சட்டத்தின் கீழ் மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து மணித்தியால வீதத்தைக் காண்கிறோம். பெரும்பாலான சம்பளச் சபைத் தொழில்களில் 200ஆல் வகுக்கிறோம். இரண்டிலும் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். மாதம் 30,000 ரூபா பெறுபவருக்குக் கடையில் ஒரு மேலதிக மணித்தியாலம் 187 ரூபா 50 சதம். ஆலையில் அதே மணித்தியாலம் 225 ரூபா.

இந்த 30,000 ரூபா ஓர் எடுத்துக்காட்டுத் தொகை மட்டுமல்ல. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 10,000 ரூபாவில் தொடங்கியது. 2025ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. நாட்சம்பளத்துக்கு அதே திருத்தம் முறையே 1,080, 1,200 ரூபா என்று வைத்தது. 1,200 ரூபாவை 25 நாட்களால் பெருக்கினால் 30,000 வருகிறது. ஆகவே ஆகக் குறைந்த கூலி என்ற அளவில் மாதமும் நாளும் ஒன்றுக்கொன்று சமம். வன்னியில் இன்று ஒரு மேசனோ அவருடைய கையுதவியாளோ 1,200 ரூபாவுக்கு வரமாட்டார் என்பதால் ஆண்களின் கூலியில் இந்த எல்லை பெரிதாகத் தட்டுப்படுவதில்லை. தட்டுப்படும் இடம் பெண்களின் கூலி. ஒரே களத்தில் நெல் காயவிடும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் ஊருக்குப் பழகிப்போனது; குறைந்தபட்ச வேதனத்தில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது.

கடைக்கு மாதச் சம்பளம், ஆனால் எந்த மாதிரி?

கடையைப் பொறுத்தவரை நாட்சம்பள முறை ஏறக்குறையப் பயனற்றது என்பது என் கருத்து. கடைச் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையைச் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. அந்த வாரத்தில் 28 மணித்தியாலமாவது வேலை செய்திருந்தால் போதும், நாட்சம்பளக்காரருக்கும் அந்த உரிமை உண்டு. ‘வந்த நாளுக்கு மட்டும் காசு’ என்ற எண்ணத்தோடு நாட்சம்பளத்தைத் தெரிந்த கடைக்காரர், சட்டப்படி வராத ஒன்றரை நாளுக்கும் கொடுக்க வேண்டியவராகிறார். ஆகவே கடையில் போட்டி மாதத்துக்கும் நாளுக்கும் இடையே அல்ல, இரண்டு விதமான மாதச் சம்பளங்களுக்கு இடையேதான்.

முதலாவது விதம் ஊரில் மிகப் பரவலானது: ‘சாப்பாடு, தங்குமிடம், எல்லாம் சேர்த்து மாதம் 45,000, நேரம் பார்க்கிறதில்லை.’ இரண்டாவது விதத்தில் நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 34,000 என்று எழுதி, மேலதிக நேரத்தை மணித்தியாலக் கணக்கில் தனியே கொடுப்பது. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டும் கடையில், ஒரு மணித்தியாலச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் 11 மணித்தியாலம் வேலை நடக்கிறது. சட்டம் அனுமதிப்பது நாளுக்கு 8, வாரத்துக்கு 45. மேலதிக நேரமோ வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. நாளுக்கு 3 என்று ஐந்து நாட்கள் வைத்தாலே 15 ஆகிவிடுகிறது. அதாவது, எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒரே ஆளைக் கொண்டு அந்தக் கடையைத் திறப்பிலிருந்து பூட்டுவரை நடத்தச் சட்டத்தில் வழியில்லை. ஒருவர் எட்டு மணிக்கும் மற்றவர் பதினொரு மணிக்கும் வருமாறு நேரத்தை மாற்றிப் போடுவதுதான் வழி. தருமபுரம், விசுவமடுப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு முன்நேர முறையைக் கொடுத்தால் அவர்களும் இருட்டுமுன் வீட்டுக்குப் போய்ச்சேரலாம்.

வாரத்துக்கு 12 மணித்தியாலம் என்ற எல்லைக்குள், நான்கு வாரத்துக்கு 48 மணித்தியாலம் மேலதிக வேலை நடந்ததாக வைத்துக்கொள்வோம். 34,000 அடிப்படையில் ஒரு மேலதிக மணித்தியாலம் 212 ரூபா 50 சதம். 48 மணித்தியாலத்துக்கு 10,200. மொத்தம் 44,200 ரூபா. ஊழியரின் கையில் போகும் தொகை ‘எல்லாம் சேர்த்து 45,000’ என்பதற்கு மிக அருகில்தான் நிற்கிறது. ஆனால் முறைப்பாடு என்று வந்தால் இரண்டும் ஒன்றாக நடத்தப்படுவதில்லை. பிரித்து எழுதாத 45,000 முழுவதும் வழமையான நேரத்துக்கான சம்பளமாகக் கொள்ளப்பட்டால், அதே 48 மணித்தியாலத்துக்கு மேலும் 13,500 ரூபா கொடுக்கவேண்டி வரும். சேமலாப நிதிக் கணக்கும் அப்படியே: மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சேமலாப நிதி இல்லை, ஆகவே முதலாளியின் 12 வீதமும் முதலாளி மட்டுமே கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான (ETF) 3 வீதமும் 34,000க்கு 5,100 ரூபா, 45,000க்கு 6,750 ரூபா. நேரத்தைப் பதிந்து, பிரித்துக் கொடுப்பவரே சட்டப்படி குறைவாகச் செலவழிக்கிறார். நேரம் பார்க்காததைப் பெருந்தன்மை என்று நினைப்பவர் கூடுதலாகக் கட்டுகிறார், அல்லது கட்டாமல் விட்டுப் பின்னர் மாட்டுகிறார். இந்தப் பிரிப்பைப் புதிதாகச் சேர்ப்பவரோடுதான் செய்யலாம். ஏற்கெனவே 45,000 பெறுபவரின் அடிப்படையை ஒரு கடிதத்தால் வெட்ட முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் சேமலாப நிதிக்கான உழைப்பூதியத்துக்குள் அடங்கும். சமைத்த உணவோ, சமைக்கக் கொடுக்கும் அரிசி சாமானோ, அதன் பணப்பெறுமதி கணக்கில் சேரவேண்டும். மத்தியானப் பார்சலைத் தர்மமாகக் கருதும் முதலாளிமாருக்கு இது வியப்பாக இருக்கும்.

ஆலைக்கு நாட்சம்பளம்: எவ்வளவு நாளைக்கு?

அரிசி ஆலையில் நாட்சம்பளத்துக்கு உண்மையான இடம் உண்டு. இரணைமடுவை நம்பிய காலபோக நெல் தை, மாசி, பங்குனியில் ஒன்றாக வந்து குவியும்போது, வருடம் முழுவதும் தேவைப்படாத ஆட்கள் சில வாரங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். அந்த வாரங்களுக்கு நாட்சம்பளம் பொருத்தமானது, முறையானது. ஆனால் ‘நாட்சம்பளக்காரருக்குச் சேமலாப நிதி இல்லை’ என்பது வன்னி முழுவதும் நம்பப்படும் பொய். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகமானவர், துண்டு வேலைக்காரர் என்று எவரையும் வெளியே விடவில்லை. ஒரே ஓர் ஆள் வேலை செய்தாலும் பொருந்தும்.

தொழிலாளரே ‘பிடிக்க வேண்டாம், முழுக்காசையும் கையில தாங்கோ’ என்று கேட்பதும் உண்டு. அவருடைய சம்மதம் முதலாளியைக் காப்பாற்றாது. மாதம் 40,000 ரூபா உழைக்கும் ஒருவருக்கு மூன்று வருடம் கட்டாமல் விட்டால், ஊழியர் பங்காகப் பிடிக்காத 8 வீதத்தையும் சேர்த்து 20 வீதம், அதாவது மாதம் 8,000 வீதம் 288,000 ரூபா நிலுவையாகும். அது நடைமுறையில் முதலாளியின் பையிலிருந்தே போகும். தாமத மேலதிகக் கட்டணம் முதல் பத்து நாட்களுக்கு 5 வீதத்தில் தொடங்கி, பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் 50 வீதமாகிறது. முதல் இரண்டு வருட நிலுவைக்கு மட்டும் அது 96,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 43,200 ரூபா தனி. கட்டத் தவறினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். கேட்கும் தொழிலாளருக்குச் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு: பத்து வருடச் சேவையும் 300,000 ரூபா மீதியும் உள்ளவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ நிதியிலிருந்து 30 வீதத்தை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். மீள்குடியேறி அரைச்சுவரோடு நிற்கும் வீடுகள் உள்ள ஊரில் இது வெற்றுப் பேச்சல்ல.

பருவகால ஆட்களால் வரும் வேறொரு விளைவை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. விலகுபவருக்குச் சேவைக்காலத்துக்கேற்ப ஒரு தொகை கொடுக்கச் சொல்லும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த 15 என்பது, ஊழியர் விலகுவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் இருந்த எண்ணிக்கை. ஒன்பது நிரந்தர ஆட்களை உடைய ஆலை, அறுவடைக் காலத்தில் ஆறு பேரை ஒரே நாளில் சேர்த்துக்கொண்டால், அந்த ஒரு நாளே போதும். ஐந்து வருடம் முடித்த மெசின்காரர் அந்த வருடம் விலகினால், சேவையின் ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் வீதம், முப்பது நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். மாறாக, ஆட்குறைப்பைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் சட்டம் முந்திய ஆறு மாதங்களின் சராசரி எண்ணிக்கையையே பார்க்கிறது. அதில் சில வாரக் கூட்டம் அவ்வளவாகத் தாக்காது. ஆனால் அங்கே பன்னிரண்டு மாதங்களில் 180 நாள் வேலை என்ற வேறோர் எல்லை இருக்கிறது; அதை எட்டியவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ‘தேவைக்கு வரும் நாட்சம்பளக்காரர்’ என்று சொல்லிக்கொண்டு ஒருவரை வருடம் முழுவதும் வைத்திருந்தால், சராசரி 15ஐ எட்டும் ஆலையில் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அவரை நிறுத்த முடியாது. ஆகவே என் பரிந்துரை: ஐந்தாறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வருபவரை மாதச் சம்பளத்துக்கு மாற்றிக் கடிதம் கொடுங்கள், நாட்சம்பளத்தை அறுவடைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று சுமை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளருக்குக் கொடுப்பது இரு தரப்புக்கும் பிடித்த முறை. லொறி வராத நாளில் காத்திருந்தவருக்கு என்ன கொடுப்பது என்பதையும், ஒரு நாள் உழைப்பு 1,200 ரூபாவுக்குக் கீழே போனால் நிரப்பிக் கொடுப்பதையும் முன்னரே எழுதிக்கொண்டால் போதும்.

கொந்தராத்து

நான்காவது வழியில்தான் முதலாளிமாருக்கு அதிக நம்பிக்கை. எனக்கு அதில் குறைந்த நம்பிக்கை. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் சேமலாப நிதிச் சட்டமும் முதலாளியை வரையறுக்கும்போது, தானே வேலைக்கு வைப்பவரை மட்டும் சொல்லவில்லை. ‘எவர் சார்பில் இன்னொருவர் வேலைக்கு வைக்கிறாரோ அவரையும்’ சேர்த்துக்கொள்கின்றன. ஆலையின் மேற்பார்வையாளர் நேரம் குறித்து, ஆலையின் இயந்திரத்தில், ஆலைக்காரர் சொல்கிறபடி வேலை செய்பவர்களுக்குக் கொந்தராத்துக்காரர் காசைக் கைமாற்றிக் கொடுக்கிறார் என்பதற்காக அவர்கள் வேறொருவரின் ஆட்களாகிவிடுவதில்லை. தனியான தொழிலாக, தன் ஆட்கள், தன் உபகரணங்கள், தன் பொறுப்பு என்று கட்டட வேலையை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர் வேறு. அவருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் பற்றுச்சீட்டில் தெரியாது, வேலைத்தளத்தில் தெரியும்.

செலவைப் பார்த்தாலும் இந்த வழி மலிவானதல்ல. கொந்தராத்துக்காரர் தன் பங்கை வைத்துத்தான் விலை சொல்வார். நேர்மையானவராக இருந்தால் 15 வீதத்தையும் அதில் சேர்ப்பார். விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் ஏதோ ஒன்று கட்டப்படவில்லை என்று பொருள். கொந்தராத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், சேமலாப நிதிப் பதிவிலக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். முந்திய மாதம் ஒவ்வொருவரின் பெயரிலும் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியைக் காட்டிய பிறகே அடுத்த மாதக் காசை விடுவியுங்கள். அந்த ஆட்களின் வரவை உங்கள் படலையிலும் ஒரு கொப்பியில் பதிந்து வையுங்கள். முதல் மாதமே பிரதியைத் தர மறுப்பவரிடம் இரண்டாம் மாதம் வேலை கொடுக்காமல் இருப்பது, பின்னர் தொழில் அலுவலகத்தில் அவர் சார்பில் விளக்கம் சொல்வதைவிட இலகுவானது.