கியர் வெட்டக் கொடுக்கும் முன் கட்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கியருக்கு ஏமாந்தேன் என்றால் சிரிப்பார்கள். தெருவுக்கு நாலு லேத் பட்டறை இருக்கிற ஊர் இது. ஆனாலும் ஏமாந்தேன். 2,900 ரூபாயும் ஐந்து வாரமும் போயின. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டைதான் மிஞ்சும், கியர் வராது.

நான் கட்டிக்கொண்டிருப்பது ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். பழைய காலத்து 'ஹிட் அண்ட் மிஸ்' இன்ஜினின் குட்டி வடிவம். கிராங்க் (பிஸ்டன் சுற்றுகிற தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதற்கு 20 பல்லில் ஒரு கியர், 40 பல்லில் ஒரு கியர். மாட்யூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு) 0.8, பிரஷர் ஆங்கிள் (பல்லின் பக்கச் சாய்வு) 20 டிகிரி, இரண்டு தண்டுக்கும் நடுவே 24 மி.மீ. அந்த 24-ஐ கிராங்க் கேஸில் முன்கூட்டியே போர் போட்டு முடித்திருந்தேன். கியர் கைக்கு வந்த பிறகல்லவா துளை போட்டிருக்க வேண்டும்! அது என் அவசரம்.

முதலில் ரெடிமேடாகக் கிடைக்குமா என்று அலைந்தேன். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் குவியல் குவியலாக கியர் உண்டு. எனக்கு வேண்டிய அளவு ஒன்றும் இல்லை. பிரிண்டரிலிருந்து கழற்றியவை எல்லாம் பிளாஸ்டிக். ரிமோட் காருக்கு வருகிற 0.8 மாட்யூல் பினியன் (சின்ன கியர்) ஒன்று வாங்கிப் பார்த்தேன். பல் பிரமாதம். ஆனால் ஹார்டன் பண்ணியது, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்கியது; 5 மி.மீ. துளையை 8 ஆக்கப் போய் டிரில் முனைதான் மழுங்கியது.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். டிராயிங்கை நீட்டினேன். முதலாளி பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதென்னங்க தம்பி, ஸ்பின்னிங் மில்லுக்கு இதவிடச் சின்னதெல்லாம் வெட்டிக் குடுத்திருக்கறோம். அட்வான்ஸ் ஆயிரத்தஞ்நூறு குடுத்துட்டுப் போங்க. வியாழக்கெழமை வந்து வாங்கிக்கலாம்."

எந்த வியாழக்கிழமை என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு வியாழன் டிவைடிங் ஹெட் (பல்லுக்குப் பல் சமமாகத் திருப்புகிற கருவி) ரிப்பேர், அடுத்த வியாழன் கரண்ட் இல்லை, அதற்கடுத்தது வேலைக்காரப் பையன் ஊருக்குப் போய்விட்டான். நான்காவதில் கியர் வந்தது. பளபளவென்று எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி. கிராங்க் கியருக்கு மட்டும் 'ஹார்டனிங்' என்று தனியாக 400 ரூபாய். மொத்தம் 2,900. கேம் கியரை கன்மெட்டலிலும் (வெண்கல வகை) கிராங்க் கியரை ஈ.என்.8-லும் (ஹார்டன் ஆகக்கூடிய எஃகு) கேட்டிருந்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் கிராங்க் தண்டில் ஏற்றப் போனால் துளை இறுக்கம். ஒரு மாதம் காத்திருந்த ஆத்திரம், வைஸில் வைத்து அழுத்திவிட்டேன். கேமை மாட்டிக் கையால் ஃப்ளைவீலைச் சுற்றினால் கரகரவென்று ஒரு சத்தம். ஒவ்வொரு பல்லும் இடிக்கிறது, இடித்த அடுத்த கணமே தொளதொளவென்று ஆடுகிறது. இறுக்கமும் தளர்ச்சியும் ஒரே கியரில் எப்படி வரும் என்று அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் ஆற அமர அளந்தேன். இதை நீங்களும் வாங்கும்போதே செய்யலாம், டிஜிட்டல் வெர்னியர் போதும். 40 பல் கியரில் வெர்னியர் தாடைக்குள் நாலு பல் அடங்குகிற மாதிரி பிடித்து ஓர் அளவு, ஐந்து பல்லைப் பிடித்து இன்னோர் அளவு எடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 20 டிகிரி கியரென்றால், மாட்யூலை 2.952-ஆல் பெருக்கினால் என்ன வருமோ அதுதான் விடையாக வர வேண்டும். 0.8-க்கு 2.36 மி.மீ. எனக்கு வந்தது 2.41. நாலைந்து இடத்தில் மாற்றி மாற்றி அளந்தும் அதே 2.41.

கையோடு முக்கோண அரத்தை எடுத்து கிராங்க் கியரின் பல்லில் ஓர் இழுப்பு இழுத்தேன். ஹார்டன் ஆன எஃகில் அரம் வழுக்க வேண்டும். இது வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வந்தது. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பைச் சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கருக்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எம்.எஸ்.ஸில் கார்பன் மிகக் குறைவு, எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கெட்டியாகாது. 400 ரூபாய் அந்தக் கருப்பு நிறத்துக்கு.

பட்டறைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மில்லிங் மெஷின் பக்கத்தில், கியரில் பல் வெட்டுகிற சக்கரமான கட்டர் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் படித்தேன்: 32 டி.பி., பதினாலரை டிகிரி, நம்பர் 3, 35 முதல் 54 பல். எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு வரியிலேயே பதில் இருந்தது.

டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்பது பல்லின் அளவைச் சொல்லும் அங்குலக் கணக்கு. 25.4-ஐ 32-ஆல் வகுத்தால் 0.79. கண்ணுக்கு 0.8 மாட்யூல் மாதிரியே இருக்கும். ஆனால் 20-ம் 40-ம் சேர 32 டி.பி.க்கு 23.81 மி.மீ. இடைவெளிதான் சரி, என்னுடைய 24-இல் போட்டால் ஆடும். தொளதொள அங்கிருந்து வந்தது. 2.36-க்குப் பதில் 2.41 வந்தது அந்தப் பதினாலரை டிகிரியால். நம்மூர் மில்களில் அங்குலக் கணக்கில் செய்த பழைய இங்கிலீஷ் மெஷின்கள் நிறைய ஓடியவை. அவற்றின் ஸ்பேர் வெட்டிய பட்டறைகளில் டி.பி. கட்டர் இருப்பதில் வியப்பில்லை. அதை மாட்யூல் என்று சொல்லி விற்றதுதான் வயிற்றெரிச்சல்.

இடித்ததற்குக் காரணம் வேறு. ஒரே கட்டரை வைத்து இரண்டு கியரையும் வெட்டியிருக்கிறார். 40 பல்லுக்கு அந்த வடிவம் சரி. 20 பல்லுக்கு இன்னும் வளைந்த பக்கம் வேண்டும். இல்லாவிட்டால் பல்லின் நுனி தடித்துப் போய் மோதும்.

முதலாளி வந்தார். கட்டரைக் காட்டினேன். அப்போதுதான் என் டிராயிங்கை முதன்முதலாகப் பிரித்தார்.

"நீங்களே நம்பர் 3-ன்னு எழுதியிருக்கறீங்களே தம்பி, இதா பாருங்க."

எழுதியிருந்தேன்தான். மேதாவித்தனம். மாட்யூல் கட்டர் செட்டில் 12, 13 பல்லுக்கான கட்டர் நம்பர் 1. பல் கூடக் கூட நம்பர் ஏறும், 17 முதல் 20 வரை நம்பர் 3. டி.பி. செட்டில் தலைகீழ், அங்கே 12, 13 பல்லுக்கு நம்பர் 8, என் 20 பல்லுக்கு நம்பர் 6. அதே தாளில் 'மாட்யூல் 0.8, 20 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டினேன். "சின்ன கியருங்கண்ணா, டி.பி.யும் மாட்யூலும் ஒண்ணுதான்" என்று பக்கத்திலிருந்த பையன் முதலாளிக்கு எடுத்துக் கொடுத்தான். ஹார்டனிங் பணத்தையாவது கொடுங்கள் அண்ணா என்றேன். "ஓட ஓடச் செட் ஆயிரும், போங்க" என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஓட ஓட செட் ஆக அது செருப்பா?

இனி டிராயிங்கில் கட்டர் நம்பரை எழுத மாட்டேன், பல் எண்ணிக்கை மட்டும்தான். முன்பணம் கொடுக்கும் முன் கட்டரைக் காட்டச் சொல்வேன்; எல்லா விவரமும் அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும். காட்ட மறுத்தால் அடுத்த பட்டறை. ஹார்டனிங் என்று காசு கேட்டால் அங்கேயே அரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

கடைசியில் ஹாப்பிங் மெஷின் வைத்திருக்கிற ஒருவரிடம் போனேன். ஹாப் என்பது திருகு மாதிரி இருக்கும் கட்டர். அதற்கு மாட்யூலும் டிகிரியும் சரியாக இருந்தால் போதும், ஒரே ஹாப்பில் எத்தனை பல்லும் வெட்டலாம். நம்பர் தகராறே கிடையாது. நான் கேட்கும் முன்பே டார்ச் அடித்து ஹாப்பில் பொறித்திருந்ததைப் படித்துக் காட்டினார். பிளாங்கை (பல் வெட்டாத வட்டை) இந்த முறை நானே வீட்டு லேத்தில் கடைந்தேன், துளையும் வெளிவட்டமும் ஒரே பிடிப்பில். இரண்டுக்கும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார். கழித்துப் பார்த்தேன், 2.36.

பழைய கியரை கிராங்கிலிருந்து புல்லர் போட்டு இழுத்தபோது தண்டில் நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. எமரி போட்டும் போகவில்லை. புது கியர் இரண்டும் டப்பாவில் எண்ணெய்க்குள் கிடக்கின்றன. நான் கிராங்க் தண்டை முதலிலிருந்து கடைந்துகொண்டிருக்கிறேன்.