ஹைடல்பர்க் வினாவிடை: எதற்கு உதவும், எங்கே கைவிடும்?

ஹைடல்பர்க் வினாவிடை, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் புராட்டஸ்டன்ட் நூல். 1563-இல் ஜெர்மனியின் பலாட்டினேட் நாட்டில் வெளிவந்தது. 129 கேள்விகள், 52 ஞாயிறுகளுக்குப் பங்கிடப்பட்டவை. சங்கடமான கேள்விகளை இது தானே கேட்டுக்கொள்கிறது. அதுதான் இதன் பலம்.

மனிதனால் முடியாததைக் கடவுள் சட்டமாக வைப்பது அநியாயம் இல்லையா என்கிறது 9-ஆம் கேள்வி. கடவுள் இரக்கமுள்ளவர்தானே என மடக்குகிறது 11. நற்செயல்களால் அல்ல, கடவுளின் கிருபையால்தான் மீட்பு என்றால் மனிதர் பொறுப்பற்றுத் திரிய மாட்டார்களா? இது 64. உண்மையான விசுவாசத்தால் கிறிஸ்துவோடு ஒட்டவைக்கப்பட்டவன் நன்றியின் கனியைத் தராமலிருக்க முடியாது என்பது பதில். சுருக்கம்தான், ஆனால் நழுவல் இல்லை.

வகுப்பு எடுப்பவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். ‘பிறகு ஏன் நற்கிரியை (நற்செயல்)?’ என்ற 86-க்கு நேரே தாவிவிடுகிறார்கள். கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்ற 60-ஐ முதலில் முடிக்காவிட்டால், நன்றிக்கடன் என்பது மீட்புக்குக் கட்டும் தவணையாகத் தோன்றிவிடும். 60, 62 முதல் 64, பின் 86, 87 என்று போங்கள். 87-ஐ விடவே கூடாது: மனந்திரும்பாதவருக்கு மீட்பில்லை என்று அடித்துச் சொல்வது அங்கேதான்.

குறைகளும் உண்டு. 9-க்கான பதில், முதல் மனிதன் ஆதாம் பாவத்தில் விழுந்ததோடு நின்றுவிடுகிறது. ‘அவன் செய்ததற்கு நான் ஏன் பொறுப்பு?’ என்று பதின்வயதுப் பிள்ளை கேட்டால் கையில் ஒன்றுமிருக்காது. நற்செய்தியையே கேட்டிராதவர்களின் கதி பற்றித் தனிக் கேள்வியே இல்லை. 80-இல் கத்தோலிக்கத் திருப்பலி (பூசை வழிபாடு) மீதான சாடல், கத்தோலிக்கரும் இருக்கும் கலப்பு வகுப்பில் வீண் சண்டை மூட்டும்.

ஒரு ஞாயிறுக்கு இரண்டு, மூன்று கேள்விகள். அதற்கு மேல் திணித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.