நாயோடு கடலோரம் போக கேரவனா, சொந்தக் காரா?

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி வரை கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். எங்கள் சிப்பிப்பாறை நாயோடு ஒருமுறை காரில் போனோம், ஒருமுறை வாடகை கேரவனில்.

கேரவனில் பெரிய நிம்மதி, ராத்திரி தங்க இடம் தேட வேண்டாம். காரில் போனபோது ஒரு லாட்ஜில் நாயைப் பார்த்ததுமே அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் இருட்டில் திருநெல்வேலிக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

ஆனால் ஊருக்குள் குறுகலான தெருவில் கேரவனைத் திருப்புவது பெரும்பாடு. பதநீர் விற்பதைப் பார்த்ததும் சட்டென்று ஓரங்கட்ட கார்தான் வசதி.

வெயில் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதனால் ஏசி ஓடாமல் நிற்கும் வண்டிக்குள், அது எவ்வளவு பெரிய வண்டியானாலும் சரி, ஐந்து நிமிடம்கூட அதைத் தனியே விடாதீர்கள். மணலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும், நல்ல தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் திரும்புவதென்றால் கார் போதும். இரண்டு ராத்திரி தங்குவதென்றால் யோசிக்காமல் கேரவன் எடுங்கள், வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றிதழையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.