குக்கி கேள்விக்கு பிரவுசரே பதில் சொல்லட்டும்: இரண்டு ஆண்டு அனுபவம்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும், நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள உதவும் குக்கி என்ற சிறு கோப்புக்குச் சம்மதம் கேட்கும் பெட்டிதான் முதலில் வந்து மறிக்கும். ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்பது பச்சையில் பளிச்சென்று இருக்கும். மறுக்க வேண்டுமென்றால், மங்கலாக இருக்கும் ‘அமைப்புகள்’ என்ற சொல்லைத் தேடிப்பிடித்து உள்ளே போய், ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். அவசரத்தில் கட்டைவிரல் பச்சைக்குத்தான் போகும். அதைச் சம்மதம் என்று கணக்கில் வைப்பது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் தனியுரிமை அமைப்பில் ‘என் தரவை விற்கவோ பகிரவோ வேண்டாம்’ என்று தளங்களுக்குச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டேன். ஜிபிசி என்பார்கள், குளோபல் பிரைவசி கன்ட்ரோல். பிரேவ், டக்டக்கோ பிரவுசர்களில் இது முதலிலிருந்தே ஆன் ஆகித்தான் இருக்கும். பக்கம் கேட்டுப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் ‘செக்-ஜிபிசி: 1’ என்று ஒரு வரி போகும், அவ்வளவுதான்.

டிக் போட்ட பிறகும் பெட்டிகள் குறையவில்லை. காரணம் சட்டம். கலிஃபோர்னியாவில் இந்த ஒரு வரியைத் தளங்கள் மதித்தே ஆக வேண்டும். மதிக்காதது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் செபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. ஐரோப்பாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அப்புறம்தான் கன்சென்ட்-ஓ-மேட்டிக் போட்டேன். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இலவச நீட்சி, அதாவது பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். எதற்குச் சரி, எதற்கு வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பெட்டி தலைகாட்டும், ஏதோ தானாக நகரும், மறைந்துவிடும். மேலே ஐகானில் டிக் விழும். என் சார்பில் அது உண்மையிலேயே ‘வேண்டாம்’ என்று அழுத்துகிறது. பெட்டியை வெறுமனே மறைக்கும் விளம்பரத் தடுப்பான்களையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவரிடம் நேரம் வாங்கும் பக்கம் ஒன்று அதனால் அப்படியே உறைந்து நின்றது. பெட்டி கண்ணில் இல்லை, ஆனால் பக்கம் அதன் பதிலுக்காகக் காத்திருந்தது. அன்றைக்கு நேரம் வாங்க ஃபோன்தான் செய்தேன்.

நீட்சி தோற்கும் இடம் செய்தித் தளங்கள். ‘ஒப்புக்கொள், இல்லையென்றால் சந்தா கட்டு’ என்று கேட்கும்போது அழுத்துவதற்கு ‘வேண்டாம்’ என்ற பொத்தானே இருக்காது.

‘டூ நாட் டிராக்’ என்று முன்பு இதே நோக்கத்தோடு வந்த வசதியைத் தளங்கள் சட்டை செய்யவில்லை. 2025இல் ஃபயர்பாக்ஸே அதை எடுத்துவிட்டது. அதனால்தான் சட்டத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் 2027 ஜனவரி 1 முதல் பிரவுசர்களே ஜிபிசி போன்ற வசதியைத் தர வேண்டும். பிரவுசர் அனுப்பும் பதிலைத் தளங்கள் ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையமும் 2025 நவம்பரில் முன்மொழிந்தது. ஆனால் அதில் ஊடகங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நான் முதலில் திறப்பது செய்தித் தளத்தைத்தான். அந்த விலக்கை எடுத்தே ஆக வேண்டும்.