ரிமோட் டச் பேனல்: டர்பன் நகரக்காரர்கள் வாங்குமுன்

ரிமோட்டின் தொடுதிரை பழுதானால் மாற்றிப் போட, நகத்தால் அழுத்தினாலும் ஏற்கும் நாலு கம்பி ரெசிஸ்டிவ் பேனல் (இரு படலம், படலத்துக்கு இரு கம்பி; அழுத்தினால் படலங்கள் ஒட்டித் தொட்ட இடத்தைச் சொல்லும்), கொடுக்கும் விலைக்குக் குறைசொல்ல முடியாத சரக்கு. ஆனால் திரை அளவை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். பட்டைக் கேபிள் எந்தப் பக்கம் இறங்குகிறது, அதன் முனைகள் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள். கம்பி வரிசை மாறினால் ஓரிடத்தில் தொட, வேறிடத்தில் வேலை செய்யும்.

முதலில் பழைய பேனலைச் சோதியுங்கள். பேட்டரியைக் கழற்றி, கேபிளை விடுவித்து, ஒரே படலத்தின் இரு கம்பிகளை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் சில நூறு ஓம் வரும். இந்தப் படலத்தில் ஒரு கம்பி, அந்தப் படலத்தில் ஒரு கம்பி என்று அளந்தால், விரல் வைக்காதவரை இணைப்பே காட்டக்கூடாது. காட்டினால் பேனல் போச்சு. எல்லாம் சரியென்றால் காசைச் செலவழிக்காதீர்கள். கோளாறு சாக்கெட்டில் இருக்கலாம்: கடலோர வீடுகளில் உப்புக்காற்று, கேபிள் செருகும் சாக்கெட்டில் பச்சை பிடிக்க வைக்கும். 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தாலே போதுமாக இருக்கும்.

சாக்கெட் தாழ்ப்பாள் தூக்கும் ரகமா, இழுக்கும் ரகமா என்று பார்த்துத் தொடுங்கள், உடைந்தால் தலைவலி. கூட வரும் ஒட்டுநாடா சுத்த தண்டம். 1 மி.மீ. அகல நாடாவை விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். நாடா திரைக்குள் ஏறினால் ரிமோட்டின் வெளிச்சட்டம் அழுத்தி, யாரும் தொடாமலே ரிமோட் சேனல் மாற்றும். மூடுமுன் கேலிபரேஷன் (தொடும் இடமும் திரையில் உள்ள இடமும் பொருந்தச் சரிசெய்தல்) செய்யுங்கள்.