சிபிசி கோச்சிங்: சென்னை வகுப்புகளில் எது தேறும், எது தேறாது

மெடிக்கல் கோடிங் வகுப்புக்கான போர்டு சென்னையில் இல்லாத ஏரியா இல்லை. டாக்டரின் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் பில்லுக்கான குறியீடு (கோடு) போடுவதுதான் அந்த வேலை. லைஃப் சயின்ஸ், ஃபார்மசி, நர்சிங், பிசியோ முடித்தவர்கள்தான் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். இரண்டு மூன்று மாத வகுப்பு, கையில் சிபிசி (சர்டிஃபைடு புரொஃபஷனல் கோடர்) சான்றிதழ், நூறு சதவீதம் வேலை: இதுதான் பேக்கேஜ். சான்றிதழைக் கொடுப்பது அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு. வகுப்புக்காரர் அந்தத் தேர்வுக்குத் தயார் செய்வதோடு சரி. அதனால் ஃபீஸ் பேசும்போதே தேர்வுக் கட்டணம், ஏஏபிசி உறுப்பினர் கட்டணம், மூன்று கோடு புத்தகங்கள் எல்லாம் அதில் அடக்கமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் மாறும்.

தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். 2022க்கு முன்பு 150 கேள்விகள் இருந்தன. இன்னும் 150 கேள்வி மாடல் பேப்பரையே ஓட்டும் இடமென்றால் மெட்டீரியல் பழசு என்று அப்போதே தெரிந்துவிடும். சிபிடி (சிகிச்சைக் கோடுகள்), ஐசிடி-10-சிஎம் (நோய்க் கோடுகள்), ஹெச்சிபிசிஎஸ் (மருந்து, உபகரணம் போன்றவற்றின் கோடுகள்) புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். ஆனால் ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடிதான். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கை தானாகப் போகாவிட்டால் கடைசி இருபது கேள்விகளைப் படிக்கக்கூட நேரம் இருக்காது. இந்த விஷயத்தில் நம் ஊர் வகுப்புகளைக் குறை சொல்ல முடியாது. டேப் ஒட்டுவது, பிரிவின் தொடக்கத்தில் உள்ள குறிப்புகளை ஹைலைட் செய்வது, நான்கு விடைகளுக்கும் பொதுவான கோடைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது எல்லாம் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள்.

கோளாறு சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவை, மாணவர்கள் கையில் கொடுக்கும்போதுதான் வெளியே வருகிறது. முதுகில் 0.8 செ.மீ. கட்டி, புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டி, இரண்டு பக்கமும் 0.2 செ.மீ. ஓரம் விட்டு வெட்டி எடுத்தார் டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டியின் அளவை மட்டும் பார்த்து 11401 போடுவார்கள். ஓரத்தையும் கூட்டினால் 1.2 செ.மீ.; சரியான கோடு 11402. சாதாரணத் தையல் அதிலேயே அடக்கம், அடுக்குத் தையல் என்றால் தனிக் கோடு. கொள்குறி வினாவில் அளவைக் கேள்வியே எடுத்துக் கொடுத்துவிடும். ஆபரேஷன் நோட்டில் அது நான்காவது பத்தியில் ஒரு மூலையில் கிடக்கும்.

ஐசிடியிலும் இதே கதை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூன்றாம் நிலை சிறுநீரக நோய் மூன்றும் ஒரே சார்ட்டில் இருந்தால், புதிதாகப் படித்தவர் இ11.9, ஐ10, என்18.30 என்று மூன்றையும் தனித்தனியாகப் போட்டுவிடுவார். டாக்டர் வேறு காரணம் என்று எழுதாதவரை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோயோடு தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கைட்லைன். விடை இ11.22, ஐ12.9, என்18.30. ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் (நோயாளியின் நோய்களைப் பொறுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கான தொகையைக் கணக்கிடும்) வேலையில் இதுதான் அன்றாடச் சாப்பாடு. ஆனால் புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கும் கைட்லைனை வரிவரியாக நடத்தும் வகுப்புகள் குறைவு; ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடுகிறார்கள்.

டெமோ வகுப்பில் ஆசிரியரை எடைபோட ஒரு கேள்வி போதும். பழைய பேஷன்ட், பிரஷர், சுகர் இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன, அதே மாத்திரைகளைத் தொடரச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார், இந்த விசிட்டுக்கு எந்த லெவல் கோடு? ‘சும்மா ரீஃபில்தானே’ என்று 99213 சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். கட்டுக்குள் இருக்கும் இரண்டு நாள்பட்ட நோய்கள், அவற்றுக்கு மருந்து மேலாண்மை என இரண்டுமே மிதமான நிலை. லெவலை முடிவு செய்யும் நோய், பார்த்த தகவல், ரிஸ்க் என்ற மூன்றில் இரண்டு அம்சங்கள் பொருந்துவதால் அடுத்த லெவலான 99214. நோயாளியின் ஹிஸ்டரியிலும் உடல் பரிசோதனையிலும் பாயின்ட் எண்ணி லெவல் போடும் முறை அலுவலக விசிட்டுக்கு 2021லும் மருத்துவமனை விசிட்டுக்கு 2023லும் போய்விட்டது. அதை இன்னும் நடத்துகிறவரும் இருக்கிறார், என்ன செய்ய!

பில்லிங் பாடம் பெரும்பாலும் கடைசி வாரத்து ஒப்பேற்றல்தான். டினையல் கோடுகளை (இன்சூரன்ஸ் பணம் தர மறுக்கும் காரணத்துக்கான குறியீடுகளை) மனப்பாடம் செய்ய வைத்து முடித்துவிடுவார்கள். சிஓ-11 வந்தால் நோயறிதலும் சிகிச்சையும் பொருந்தவில்லை என்று ஒப்பிக்கத் தெரிகிறது. சிஎம்எஸ்-1500 என்ற கிளெய்ம் படிவத்தில் போய் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிவதில்லை. 21ஆம் கட்டத்தில் நோய்க் கோடுகள் ஏ முதல் எல் வரை 12 இருக்கும். 24இ கட்டத்தில் எந்தச் சிகிச்சை எந்த நோய்க்கு என்று சுட்டியிருக்கும். முழங்கால் எக்ஸ்ரேயைச் சர்க்கரை நோய்க்குச் சுட்டிவிட்டால் கோடு இரண்டும் சரியாக இருந்தும் கிளெய்ம் திரும்பிவிடும். ஏஆர் காலிங் (வராத பணத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தை ஃபோனில் கேட்கும் வேலை) பக்கம் போக நினைப்பவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பிப் பழகாமல் வெளியே வரக் கூடாது. அது அமெரிக்க நேரத்துக்கு இரவு ஷிஃப்ட் வேலை என்பதையும் சேர்க்கும்போதே சொல்ல வேண்டும், சொல்வதில்லை.

வேலை உத்தரவாதம் என்றால் நேர்முகத் தேர்வுக்கு அனுப்புவது என்றே அர்த்தம். பாஸ் செய்தாலும் அனுபவம் இல்லாதவருக்குக் கிடைப்பது சிபிசி-ஏ (‘ஏ’ என்றால் அப்ரண்டிஸ்). அந்த ‘ஏ’ போக இரண்டு வருட அனுபவம் வேண்டும், அல்லது 80 மணி நேரக் கோடிங் படிப்போடு ஒரு வருட அனுபவம். இன்பேஷன்ட் (மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கான) கோடிங்தான் குறி என்றால் இந்த வகுப்பே வேண்டாம்: அதற்கான சிகிச்சைக் கோடுகளான ஐசிடி-10-பிசிஎஸ் சிபிசியில் கிடையாது, சிஐசி அல்லது சிசிஎஸ் சான்றிதழ் பக்கம் போக வேண்டும்.

ஆக, ஃபீஸை ஒப்பிடுவதற்கு முன் திருத்திக் கொடுக்கும் சார்ட்டுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பெயர் நீக்கிய ஆபரேஷன் நோட்டுகளை வாரந்தோறும் கொடுத்து, ஏன் தப்பு என்று எழுதித் திருப்பித் தரும் இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

சேரும் மாதமும் முக்கியம். ஐசிடி அக்டோபர் 1லும் சிபிடி ஜனவரி 1லும் மாறும். செப்டம்பரில் சேர்ந்து தேர்வு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால் புத்தகச் செலவு இரண்டாவது முறை வரலாம். சீனியரிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்குவதாக இருந்தால் ஆண்டைப் பாருங்கள், சிபிடி ஏஎம்ஏ (அமெரிக்க மருத்துவச் சங்கம்) பதிப்புதானா என்று பாருங்கள், ஓரங்களையும் புரட்டிப் பாருங்கள். வேலைக் குறிப்புகள் எழுதியிருந்தால் பரவாயில்லை. மாதிரித் தேர்வுக் கேள்விகளை எழுதி வைத்திருந்தால் தேர்வில் அந்தப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை.